பல் டாக்டரிடம் இருக்கும் குக்கர்

பல் மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்ததும் நம் கண் முதலில் போவது அந்தத் தட்டுக்குத்தான். பிளாஸ்டிக்கில் புதுசாகக் கண்ணாடி, கொக்கி வந்தால் நிம்மதி. ஸ்டீல் என்றால், "யார் வாயில் இருந்ததோ!" இப்படிக் கேட்பவர்களுக்காகவே பிளாஸ்டிக் செட் வாங்கி வைத்திருப்பதாக எங்கள் ஊர் டாக்டரம்மா சொன்னார். "இதுதான் சுத்தம்னு நான் சொல்லலை சார், அவங்க சொல்றாங்க."

இயற்பியல் நடத்தியவன், சும்மா இருக்க முடியவில்லை.

அங்கே உள்ளறையில் இருக்கும் ஆட்டோகிளேவ், நம் அடுப்படிக் குக்கரின் அண்ணன். அழுத்தம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலையும் 100 டிகிரியைத் தாண்டி ஏறும். 1679-ல் டெனி பாப்பின் இதை எலும்பு வேகவைக்கச் செய்தார். 200 வருடம் கழித்து, 1879-ல், பாஸ்டரிடம் வேலை பார்த்த சாம்பர்லான் கிருமிகளை வேகவைத்தார். 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி. எதுவும் மிஞ்சாது. ஆனால் முதலில் ரத்தமும் எச்சிலும் போகத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் நீராவி அதன் அடியில் போகாது.

ஓட்டலில் ஒரு முக்கு முக்கி எடுத்த ஸ்பூனில் நிம்மதியாகச் சாப்பிடுகிற நாம், இதைச் சந்தேகப்படுகிறோம். நம் பயம் கிருமி மேல் இல்லை, எச்சில் மேல். அதைக் கொல்ல எந்த ஆட்டோகிளேவும் கிடையாது!

அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடிக்கு ஆயுள் சில நிமிடம். எச்சில் பட்டதால் சாதாரணக் குப்பையிலும் போட முடியாது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பையில் போய், அங்கே கிருமி நீக்கி, பிறகு துண்டு துண்டாக நறுக்க வேண்டும். அந்தக் கிருமி நீக்கத்துக்கும் பெரும்பாலும் ஆட்டோகிளேவ்தான். ஸ்டீல் என்றால் அதே வேக்காட்டுக்குப் பிறகு மறுபடி வேலைக்கு வந்திருக்கும். கண்ணாடி கீறினாலும் தலையை மட்டும் கழற்றி மாற்றலாம், காம்பு அப்படியே இருக்கும்.

அதற்காக ஸ்டீலுக்குச் செலவே இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரம், தண்ணீர், ஒவ்வொரு முறையும் கிழித்துப் போடும் உறை எல்லாம் உண்டு. நாலே நாலு கருவியை வைத்து ஆட்டோகிளேவை ஓட்டினால், ஒரு ஆளுக்காக ஐந்து லிட்டர் குக்கரை ஏற்றிய கதைதான். இதையெல்லாம் சேர்த்துத்தான் டப்ளின் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு 2022-ல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பரிசோதனை செட்டைப் பொறுத்தவரை ஸ்டீலே மேல் என்று வந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் கழுவிப் பயன்படுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஊசி, மரப்பு மருந்துக் குப்பி, கையுறை, அறுவை பிளேடு: ஒருவருக்கு ஒன்றுதான், பேச்சே இல்லை. வேர் சிகிச்சைக்கான மெல்லிய ஃபைல்களின் இடுக்கில் இருப்பதை முழுக்கக் கழுவி எடுப்பது கஷ்டம். பிரிட்டனில் 2007-லேயே அவற்றை ஒரு முறையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த முறை "புதுசா?" என்று கேட்காமல், "உறையை என் முன்னாடி பிரிங்களேன்" என்று கேளுங்கள். உறையின் ஓரத்தில் நிறம் மாறும் ஒரு குறி இருக்கும். மாறியிருந்தால் சூட்டுக்குள் போய் வந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். கிருமி செத்ததா என்று பார்க்க, எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையைக் கடைசியாக எப்போது செய்தார்கள் என்றும் கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிற டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், நோட்டை எடுத்துக் காட்டுவார்.