மேடு கட்டும் புல்

இராவணன் மீசைப் புல்லிடம் குத்து வாங்காமல் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வெறுங்காலோடு மணல்மேட்டில் ஏறினால் அதன் விறைத்த இலைநுனி சுருக்கென்று ஏறிவிடும். இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியில் விளையும் பெரிய முட்பந்து முற்றியதும் காம்பு ஒடிந்து, காற்றடிக்கும் திசையில் கரையெல்லாம் உருண்டோடும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அது போகிற வழியில் விதை உதிர்க்கிறது, மணலில் புதைந்து நின்ற இடத்தில் முளைக்கிறது என்பதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகு தெரிந்த செய்தி.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே போகும்போது இந்தப் புல்லின் புதர் ஒன்றின் அருகில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். அதன் தண்டு மணல்மீது படர்ந்து நீள்கிறது. கணுவுக்குக் கணு வேர் இறங்குகிறது, அதே கணுவிலிருந்து இலைக்கொத்து மேலே எழும்புகிறது. காற்று மணலை அள்ளிக்கொண்டு தரையோடு வருகிறது. இலைக்கொத்தில் மோதியதும் அதன் வேகம் தளர்கிறது, சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. புதரின் பின்பக்கம் மணல் வால் நீட்டிக் கிடப்பது அதனால்தான். மணல் ஏறி மூடினால் பல செடிகள் மூச்சடங்கிப் போகும். இது மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து புதுக் கணுவில் புது வேர் விடுகிறது. மறுபடி மணல் சேர்கிறது, மறுபடி செடி எழும்புகிறது. ஆள் உயர மேடும் இப்படித்தான் எழும்பியது. பக்கத்திலேயே அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து, புல் விட்ட இடைவெளியை மூடுகிறது. சங்கப் புலவர்கள் நெய்தல் பாட்டில் அடும்பு என்று சொன்னது இந்தக் கொடியைத்தான்.

இந்த மேடு, பஞ்ச காலத்துக்கு நெல் சேர்த்து வைக்கிற குதிர். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்து மேட்டின் அடியைக் கடித்து மணலை இழுத்துப் போகிறது. போன மணல் கரைக்குச் சற்று அப்பால் திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் பேரலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து, வலுவிழந்துதான் கரையைத் தொடுகின்றன. கடல் அமைதியான மாதங்களில் அதே மணல் கரைக்குத் திரும்புகிறது, காற்று அதை உள்ளே தள்ளுகிறது, புல் பிடித்துக்கொள்கிறது. மேட்டுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள உப்புநீரைவிட லேசானது. அதனால் மேலேயே தங்குகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுக்க முடிவதற்கு இதுவே காரணம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையை எது காக்கும் என்ற கேள்வி இந்தக் கடற்கரையில் யாரையும் விட்டு அகலவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 குப்பங்களை ஆராய்ந்த கதிரேசன், இராஜேந்திரன் இருவரும், அலையாத்தி முதலிய காடுகள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்தன, காட்டுக்குத் தனிப் பங்கு குறைவு என்றார்கள். செடியா, உயரமா என்று வழக்கு நின்றது. மணற்கரையில் அந்த உயரத்தைக் கட்டியதே செடிதான் என்பதை நாம் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. நிவாரணப் பணம் வந்ததும் கரையோரமெங்கும் சவுக்கு நட்டோம். நடுவதற்கு வசதியாகப் பல இடங்களில் இயற்கையான மேட்டைப் பொக்லைன் வைத்து நிரவினார்கள். காக்கும் சுவரை இடித்துவிட்டுக் காவலுக்கு ஆள் தேடியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். சவுக்கின் மேல் எனக்குப் பகை கிடையாது. விறகுக்கும் கம்புக்கும் அது பிழைப்புத் தரும் மரம், ஊருக்குப் பின்னால் நட்டால் காற்றையும் தடுக்கும். ஆனால் அலைக்கு அருகில் நட்டால் அதன் நிழலிலும் உதிர்ந்த சருகு மெத்தையிலும் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் தலைதூக்க முடியாது. மணல் பிடிக்க ஆளில்லாமல் கரை அரிக்கும்போது மரங்கள் வேரோடு சாய்கின்றன. தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் ஏற வழியில்லாமல் போகிறது.

மணலில் இந்தப் புல் செய்வதைச் சேற்றில் உமரிச் செடி செய்கிறது. வேதாரண்யம் சதுப்பில் உப்பு பூத்த களிமண்ணில் குட்டையாகச் சிவந்து கிடக்கும் உமரிக்கு நடுவே தண்ணீர் மெதுவாக நகர்கிறது, வண்டல் படிகிறது, தரை பிடிமானம் பெறுகிறது. உப்பளத்துக்காரர் கண்ணுக்கும் இறால் பண்ணைக்காரர் கண்ணுக்கும் அது வெறும் பொட்டல். அந்தப் பார்வையை மாற்றுவது மரம் நடுவதைவிடக் கடினமான வேலை என்று நினைக்கிறேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேட்டையும் உவர்ச் சதுப்பையும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. ஆனால் பொக்லைன் வரும் நாளில் அறிவிக்கை குறுக்கே வந்து நிற்காது, ஊர்க்காரர்கள்தான் நிற்க வேண்டும். கடலோர ஊரில் இருப்பவர்கள் அடுத்த கிராமசபையில் இதைக் கேளுங்கள்: எங்கள் மணல்மேடு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, வரைபடத்தில் அது மேடு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? குறிக்கவில்லை என்றால் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். புல்லை நட வேண்டியதில்லை. வண்டி ஓட்டாமல், நிரவாமல் விட்டால் அதுவே படர்ந்துகொள்ளும்.