விக்டோரியா ஏரிக்கரைக்கு – 1: புறப்படுமுன் சேரும் தாள்கள்

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில் அமைந்த கிசுமு நகரத்துப் பள்ளியொன்றில் ஊதியமின்றிக் கணிதம் கற்பிக்கச் சென்னையிலிருந்து புறப்படும் பயணி, வேறெந்தத் தாளையும் தேடுவதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: சம்பளம் வாங்காவிட்டாலும், அவர் செய்யப்போவது குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் பணியே. 2024 ஜனவரியில் கென்யா விசா முறையைக் கைவிட்டு, பெரும்பாலான அயல்நாட்டார் புறப்படுமுன் இணையவழி பெறவேண்டிய மின்னணுப் பயண ஒப்புதலைக் கொண்டுவந்தது. மாசாய் மாராவில் சிங்கம் பார்க்கச் செல்பவருக்கு இந்த ஒப்புதல் போதும். வகுப்பறையில் நின்று பாடம் நடத்துபவருக்குப் போதாது. அவருக்கு, 2011ஆம் ஆண்டின் குடியுரிமை, குடிவரவுச் சட்டத்தின்கீழ் சமயப் பணிக்கும் அறப்பணிக்கும் ஒதுக்கப்பட்ட ‘ஐ’ வகைப் பணி அனுமதியோ, குறுகிய காலத்திற்கெனில் ‘சிறப்பு அனுமதி’ எனப்படும் தற்காலிக இசைவோ வேண்டும்.

இந்த அனுமதிக்கான விண்ணப்பத்திற்குப் பயணியை அழைக்கும் அமைப்பே பொறுப்பேற்க வேண்டியிருப்பதால், பயணி முதலில் கேட்டுப் பெறவேண்டியது அவ்வமைப்பின் பதிவுச் சான்றின் நகலைத்தான். கென்யாவில் தொண்டு நிறுவனங்களை முறைப்படுத்த 2013இல் இயற்றப்பட்ட பொதுநல அமைப்புகள் சட்டம், பத்தாண்டுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்து 2024 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. சுற்றுலாப் பயணியாக வந்துவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதும் அமைப்பு எத்தனை நல்லெண்ணம் உடையதாயினும், அகப்பட்டுக்கொள்ளப் போகிறவர் அயல்நாட்டவரே என்பதால், அதன் அழைப்பை ஏற்காதிருப்பது நலம்.

கடவுச்சீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாகவும், முத்திரையிட வெற்றுப் பக்கம் உடையதாகவும் அது இருக்க வேண்டும். வெளிநாடு செல்வது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளிக்கும்வரை, கடவுச்சீட்டு வழங்குவதை முறைப்படுத்தத் தனிச் சட்டமின்றி, அது அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது என்பதும், இன்றைய கடவுச்சீட்டுச் சட்டம் அத்தீர்ப்பின் விளைவாக அதே ஆண்டில் பிறந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

அதிக நாள் பிடிப்பது சான்றொப்ப வேலை. சான்றொப்பம் என்பது ஓர் ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என மேலதிகாரம் உறுதி கூறுவதாகும். ஆவணத்தில் எழுதியிருப்பது சரியா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. 1961இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை, ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே சான்றுடன் இந்த வேலையை முடித்துவிடுகிறது. இந்தியாவில் அது 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் சேராமல் இருந்துவந்த நாடுகளுள் கென்யாவும் ஒன்றாகையால், பட்டச் சான்றிதழ் பழைய நெடுவழியிலேயே செல்ல வேண்டியிருக்கிறது: மாநில அரசின் உரிய துறை முதலில் ஒப்பமிட, அந்த ஒப்பத்தை வெளியுறவு அமைச்சகமும், அமைச்சகத்தின் ஒப்பத்தைத் தில்லியிலுள்ள கென்யத் தூதரகமும் உறுதி செய்ய, சான்றிதழின் பின்புறம் நீலமும் ஊதாவுமாக முத்திரைகளால் நிறைந்துவிடுகிறது. மூலச் சான்றிதழ் இப்படிக் கைமாறிக் கொண்டிருக்கும் வாரங்களில் வேறு தேவை எழக்கூடும் என்பதால், நோட்டரி ஒப்பமிட்ட நகல்களை முன்கூட்டியே எடுத்துவைப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். குழந்தைகளோடு பழகும் பணி என்பதால், குற்ற வழக்கு எதுவுமில்லை என்று கடவுச்சீட்டு அலுவலகம் காவல்துறை விசாரணைக்குப் பின் வழங்கும் நன்னடத்தைச் சான்றும் கேட்கப்படும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பழைய சான்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே இதை மிகவும் முந்திக்கொண்டு வாங்குவதும் வீண்.

எல்லாவற்றிலும் சிறியதான, ஆனால் திரும்பி வரும்போதும் கேட்கப்படும் தாள் ஒன்று உண்டென்றால், அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. கென்யா இந்நோய் பரவக்கூடிய நாடுகளின் பட்டியலில் உள்ளது. 1992–93இல் அதன் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் இக்காய்ச்சல் வெடித்துப் பரவியது. இந்தியாவில் இந்நோய் இல்லை; ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, சென்னையின் மொட்டைமாடித் தொட்டிகளிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் தாராளமாக வளர்கிறது. கிருமி ஒருமுறை உள்ளே வந்தால் பரவுவதற்கான எல்லாம் இங்கே தயாராக இருப்பதால்தான், சான்றின்றித் திரும்புபவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கும் விதியை இந்திய அரசு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது.

இந்த ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவர். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அவற்றுள் ஒன்று. கையில் தரப்படும் மஞ்சள் நிறச் சிற்றேட்டில் பயணியின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும், மருந்து தயாரித்த நிறுவனமும் அதன் தொகுதி எண்ணும், மருத்துவரின் கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் அதனதன் கட்டத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லுபடியாகும் என்பதால், புறப்படும் வாரத்தில் அதை நாடுவதில் பயனில்லை. முன்பு பத்தாண்டுக்கு மட்டும் செல்லுபடியான சான்று, 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுவதற்குமானதாக ஆக்கப்பட்டது. வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியை முட்டைக் கருவில் வளர்த்துச் செய்த மருந்து இது. முட்டை ஒவ்வாதவரும், அறுபது வயதைக் கடந்தவரும் மருத்துவரிடம் முன்னதாகவே பேசிவிட வேண்டும். இத்தகைய பணிக்கு முன்வருவோரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருப்பதால், இதை வெறும் சடங்காகக் கருதலாகாது.

கிசுமுவுக்கு இந்தியர் தாளோடு செல்வது புதிதன்று. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து இந்த ஏரிக்கரைவரை இருப்புப்பாதை அமைக்க, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 தொழிலாளர் மூன்றாண்டு ஒப்பந்தச் சீட்டுடன் கராச்சித் துறைமுகம் முதலிய இடங்களில் கப்பலேறினர். அவர்களுள் மிகப்பலருக்கு அந்தச் சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாது.

இன்றைய பயணியின் கோப்பு, பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்க வேண்டும். அழைப்புக் கடிதமும், பணி அனுமதியும், மஞ்சள் சிற்றேடும் நைரோபி விமான நிலையக் குடிவரவு மேசையிலும் சுகாதார மேசையிலும் அடுத்தடுத்துக் கேட்கப்படலாம், பெட்டியோ அவற்றைக் கடந்த பிறகே கைக்கு வரும். மூன்று மாதத்திற்கு மேல் தங்குபவர் அங்கே அயல்நாட்டவராகப் பதிவு செய்துகொண்டு அடையாள அட்டையும் பெறவேண்டும் என்பதால், கடவுச்சீட்டு அளவு நிழற்படங்கள் சிலவற்றையும் அக்கோப்பிலேயே வைத்துக்கொள்வது வசதி. நைரோபியிலிருந்து கிசுமு செல்லும் வழி அடுத்த பகுதியில்.