கவிழ்த்து வைத்த பரிசல்கள்

சாத்தனூர் அணைக்கு வருகிறவர்கள் பூங்காவைச் சுற்றிவிட்டு, முதலைப் பண்ணையை எட்டிப் பார்த்து, வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த மீனைப் பிடித்துவந்தவர்கள் இருக்கும் கரை சற்றுத் தள்ளி இருக்கிறது. கூட்டம் அங்கே போவதில்லை. சரிவில் பரிசல்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். முதல்நாள் சாயங்காலம் கட்டிய தங்கூசி வலையை விடியும் நேரத்தில் எடுத்து, கட்லா, ரோகு, ஜிலேபி என்று பிரித்து எடை போட்டுக் கொடுத்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. அதன் பிறகு வலை பிரிப்பார்கள், பரிசலைக் காய வைப்பார்கள், ஓட்டை பார்ப்பார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து நான் அங்கே போனது மீனுக்காக அல்ல. 2024 டிசம்பர் முதல் வார வெள்ளத்துக்குப் பிறகு என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. இந்த மாவட்டத்தில் வெள்ளம் வந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கத் தெரிந்தவர் யார்? அவரிடம் படகு இருக்கிறதா?

அங்கே இருந்த பெரியவர் பரிசல் பின்னத் தெரிந்தவர். இப்போது மீன்பிடிக்கு ஃபைபர் பரிசல்தான் அதிகம். மூங்கில் பரிசல் பின்னுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர் கையில் கத்தி இருந்தது, பேசிக்கொண்டே மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். உள்ளே பொந்து குறைந்த கெட்டி மூங்கில்தான் வேண்டும், முற்றியிருக்க வேண்டும், ஆனால் காய்ந்திருக்கக் கூடாது. பிளாச்சுகளைத் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் வளைப்பார்கள். தரையில் நடுப்பகுதியை முதலில் நெருக்கமாகப் பின்னி, அதன்மேல் கல்லை ஏற்றி அமுக்கி வைத்து, ஓரத்து முனைகளை ஒரே அளவாக மேலே தூக்கி வளைத்துக் கட்டுகிறார்கள். விளிம்புக்குப் பல பிளாச்சுகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிக் கட்ட வேண்டும். பரிசலின் உயிர் விளிம்பில் இருக்கிறது என்றார். ஆள் ஏறுவதும் இறங்குவதும், வலை இழுப்பதும், கரைக்கு இழுத்துப் போடுவதும் விளிம்பைப் பிடித்துத்தான். அது தளர்ந்தால் மொத்தமும் வடிவம் இழக்கும்.

அவருடைய தாத்தா காலத்தில் வெளிப்புறம் தோல் போர்த்தினார்கள். பிறகு சாக்குத் துணி, அதற்குமேல் தார். இப்போது உரச்சாக்கையோ தார்ப்பாயையோ தைத்துப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். தார் காய்ந்து வெடித்தால் மறுபடி பூச வேண்டும். நீரில் போடாமல் வெயிலில் கிடந்தாலும் கெடும், எப்போதும் நீரிலேயே கிடந்தாலும் கெடும். ஆகவேதான் அந்தக் கவிழ்த்து வைக்கும் முறை.

தட்டையான அடி, முன்னும் இல்லை பின்னும் இல்லை, ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். முழங்கால் ஆழத்திலும் மிதக்கும். பாறைமேல் உரசினால் மூங்கில் வளைந்து கொடுக்கும், உடையாது. எஞ்சின் படகு போக முடியாத இடம், அதாவது நெல் வயல், முள்வேலி, தெருமுனை, இவையெல்லாம் பரிசலுக்கு வழிதான். ஒகேனக்கல்லில் சுற்றுலாவுக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், துடுப்பை முறையாகப் போடாவிட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். முன்பக்கமாக உட்கார்ந்து தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து இழுத்துத்தான் அதை நேராக நடத்த வேண்டும். இதைப் பழக எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன்.

"பழகறதுன்னு தனியா என்ன தம்பி? நடக்கப் பழகின வயசுல ஏறினது. ஆனா ஆத்துல ஓடற தண்ணி வேற, தேங்கின தண்ணி வேற. இங்க ஓட்டறவன் எல்லாம் அங்க ஓட்டிடுவான்னு சொல்ல மாட்டேன்."

இந்த ஒரு பதிலுக்காகவே நான் அவரை நம்பினேன். தன் தொழிலின் எல்லையைத் தெரிந்துவைத்திருப்பவரிடம்தான் உயிரை ஒப்படைக்கலாம்.

தண்ணீரில் தத்தளிக்கிறவரை எப்படி ஏற்றுவது என்று அவரும் இன்னும் இரண்டு பேரும் செய்தே காட்டினார்கள். பக்கத்தில் போனதும் கையை நீட்டக் கூடாது. பயத்தில் இருப்பவர் கையைப் பிடித்தால் விடமாட்டார், பரிசல் சாயும். துடுப்பை நீட்ட வேண்டும், அல்லது கயிறு. அவர் விளிம்பைப் பற்றிக்கொண்ட பிறகு, உள்ளே இருப்பவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து எடையைச் சமப்படுத்த வேண்டும். ஓட்டம் வேகமாக இருந்தால் ஏற்றவே முயலாமல், பிடித்துக்கொண்டபடியே ஓட்டத்தோடு சாய்வாகக் கரை ஒதுங்குவதுதான் முறை. எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவன் களைத்துப்போவான், ரெண்டு பேரும் போவார்கள் என்றார் இளையவர் ஒருவர். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் இல்லை. உயிர்காப்புச் சட்டை யாரிடமும் இல்லை.

உயிர்காப்புப் படகு நிலையம் என்ற ஏற்பாடு வேரூன்றிய கதையை இங்கே சொல்ல வேண்டும். 1789-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் ‘அட்வென்ச்சர்’ என்ற கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையிலிருந்து பார்க்கும் தூரம்தான். ஆயிரக்கணக்கானவர்கள் நின்று பார்த்தார்கள், அந்த அலையில் இறங்கக்கூடிய படகு ஒன்றும் இல்லை. மாலுமிகள் கண்ணெதிரே செத்தார்கள். அந்த அவமானம் தாங்காமல் ஊரார் குழு அமைத்து, சிறந்த படகு வடிவத்துக்குப் பரிசு அறிவித்தார்கள். ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய ‘ஒரிஜினல்’ என்ற படகு 1790-இல் சவுத் ஷீல்ட்ஸ் கரையில் நிறுத்தப்பட்டது. பிறகு வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் 1824-இல் தேசிய அளவில் நிறுவனம் உருவானது. இன்று பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள். பெரும்பாலும் நன்கொடையில் நடக்கிறது. படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். மீனவர், ஆசிரியர், கடைக்காரர் என்று அவரவர் தொழிலில் இருப்பவர்கள், அழைப்பு வந்ததும் கடையை விட்டு ஓடிவருகிறார்கள்.

இது வெள்ளைக்காரர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய புதுப் பாடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய மதராஸில் கப்பல்கள் அலைமோதும் பகுதிக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகுகளை ஒட்டியே கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவது அவர்கள் வேலை. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கப்பட்டதைப் பழைய பயணக்குறிப்புகள் சொல்கின்றன. அதாவது மதராஸ் கரையில், கூலியும் மரியாதையும் தீர்மானிக்கப்பட்ட ஒரு காவல் இருந்தது. துறைமுகச் சுவர் எழுந்ததும் அந்த வேலை போயிற்று. அதே கரையின் மீனவர்கள் 2015 டிசம்பரில் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னைத் தெருக்களுக்குள் வந்தார்கள். 2018-இல் கேரள மீனவர்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளோடு உள்நாட்டு வெள்ளத்தில் இறங்கினார்கள். அரசு திட்டம் போடுவதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதோடு தீர்ந்துவிடவில்லை, நகராமல் நின்று உள்மாவட்டங்களில் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணைக்குத்தான் வரவேண்டும், தென்பெண்ணை வந்து நிற்கும் இடம் சாத்தனூர். 1958-இல் கட்டி முடித்த அணை இது. முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7.3 டி.எம்.சி. டிசம்பர் 2 அதிகாலையில் திறப்பு 1,68,000 கன அடியைத் தொட்டது. விழுப்புரம், கடலூர் வரை கரையோர ஊர்கள் மூழ்கின. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீரில் துண்டானது. எங்கள் தண்டராம்பட்டு வட்டத்தில், அகரம் பள்ளிப்பட்டு அருகே மூன்று மாதம் முன்பு திறந்த சுமார் 16 கோடி ரூபாய்ப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. முன்னறிவிப்பு சரியாகக் கொடுக்கப்பட்டதா என்ற வாதம் சட்டமன்றம்வரை நடந்தது. அணை திறப்புக்கு முந்தின மாலை, டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வந்து மண்ணைத் தோண்டியது.

அணை திறந்த அந்த இரவு பரிசல்காரர்கள் என்ன செய்தார்கள்? கேட்டேன். பரிசல்களை மேட்டுக்குத் தூக்கிவிட்டு, விழித்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"வயர்லெஸ்ல பேசிக்கிறாங்க, ஜீப் போவுது வருது. எங்க கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா போயிருப்போம். அணைக்குக் கீழ அந்தத் தண்ணியில பரிசல் நிக்காது, அது வேற. ஆனா ஒதுங்கின ஊருங்கள்ல, வயக்காட்டுல, மாடியில நின்னவங்கள எறக்கறதுக்கு எங்கள விட்டா யாரு?"

வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார், "கூப்பிட்டா எங்க வூட்டுக்காரரு போவாரு. போயி ஒண்ணு ஆயிட்டா எங்களுக்கு யாரு?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மனமிருந்தால் போதும் என்று மற்றவர்கள் வீட்டு ஆண்களைப் பற்றிச் சொல்வது எளிது. காப்பீடு இல்லாமல் வீரத்தைக் கேட்பது சுரண்டல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் கார்த்திகை மகாதீபத்தை மலையுச்சியில் ஏற்றும் உரிமை யாருக்கு? பர்வதராஜ குலத்தாருக்கு. உள்நாட்டு மீனவச் சமூகம் அது. பார்வதியின் தந்தை பர்வதராஜன் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. ஆளுயரச் செப்புக் கொப்பரையை 2,668 அடி உயர மலைக்குத் தோளில் சுமந்து ஏறுவதும், நெய்யும் காடாத்துணியும் இட்டுத் தீபம் ஏற்றுவதும், பதினோரு நாள் அணையாமல் காப்பதும் அவர்கள். 2024 டிசம்பர் 13 அன்று, மண்சரிவுக்குப் பின் பக்தர்கள் மலையேறத் தடை இருந்தது. ஆனால் கொப்பரை ஏறியது, தீபம் எரிந்தது. ஈரம் காயாத அந்தச் சரிவில் யார் கால் வைக்கலாம் என்று ஊர் கேட்டபோது, பதில் அவர்கள்தான். தீபம் முடிந்து ஐயங்குளத்தில் மூன்று இரவு தெப்பம் சுற்றும்போது குளக்கரையில் தீயணைப்புத் துறையினர் காவலுக்கு நிற்பார்கள். சடங்குக்கு இத்தனை முன்னேற்பாடு செய்யத் தெரிந்த ஊர் எங்களுடையது. யாருக்கு எந்த வேலை, யார் தோளில் எது என்பது தலைமுறை தலைமுறையாக எழுதப்படாத பட்டியலாக இருக்கிறது. வெள்ளத்துக்கு மட்டும் அப்படி ஒரு பட்டியல் இல்லாமல் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு 35,000-க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்றப் பதிவேடுகள் காட்டுகின்றன. புயல், வெள்ளத்தில் இறப்பவர்களைவிடப் பன்மடங்கு இது. ஏரி, கிணறு, அணை, ஆறு, இவைதான் பெரும்பாலும் இடம். குளிக்கப் போன மாணவர்கள், மாடு கழுவப் போனவர்கள், வண்டல் எடுத்த பள்ளத்தில் விழுந்த குழந்தைகள். மூழ்கியவருக்கு இருப்பது சில நிமிடங்கள். அரக்கோணத்திலிருந்து படை வருவது பெரிய பேரிடருக்கு. ஊர் ஏரியில் விழுந்த பையனுக்கு ஊரில் இருக்கிற பரிசல்காரர் மட்டும்தான். தீயணைப்பு வீரர்கள் திறமையும் துணிவும் உள்ளவர்கள், ஆனால் அவர்கள் நிலையம் நகரத்தில் இருக்கிறது.

மத்திய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டம் 2016-இல் தொடங்கி, பேரிடர் வாய்ப்புள்ள மாவட்டங்களில் தன்னார்வலர்களுக்கு மீட்புப் பயிற்சி கொடுக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அதில் சேர்வதற்கு யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீந்தத் தெரியாத இளைஞருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து மீட்பராக்க நீண்ட காலம் ஆகும். பரிசலில் பிறந்து வளர்ந்தவருக்கு முதலுதவியும், மார்பை அமுக்கி மூச்சு மீட்கும் முறையும், கயிறு வீசும் முறையும் கற்றுக்கொடுக்கச் சில நாட்கள் போதும்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும், மீன்வளத் துறைக்கும், தென்பெண்ணைக் கரை ஊராட்சிகளுக்கும் என் வேண்டுகோள் இது. சாத்தனூரிலும், பெரிய ஏரிகள் உள்ள ஊர்களிலும், பரிசல் ஓட்டத் தெரிந்தவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி அணைக் கட்டுப்பாட்டு அறையில் மாட்டுங்கள். ஊருக்கு இரண்டு ஃபைபர் பரிசல், பத்து உயிர்காப்புச் சட்டை, நல்ல கயிறு, மழை நனையாத விளக்கு, இவற்றை வைக்கப் பூட்டில்லாத ஒரு கொட்டகை கொடுங்கள். அழைக்கும் நாளுக்குக் கூலி, இறங்குகிறவருக்குக் காப்பீடு, இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அகரம் பள்ளிப்பட்டில் போன பாலத்தின் விலையோடு பார்த்தால் இது ஒரு செலவே அல்ல. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பட்டியல் செப்டம்பருக்குள் தயாராக வேண்டும்.