நான்கு கம்பிகளும் ஓர் உரையாடலும்

கொல்கத்தாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் சர்வரில் குரூக், மால்தோ ஆகிய வடதிராவிட மொழிகளின் களப்பதிவுகள் சேர்ந்து வருகின்றன. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடங்கள் என்ற அளவில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 1 ஜிகாபைட். சர்வரில் 1 ஜிகாபிட் போர்ட்டுகள் நான்கு உண்டு. அவற்றை ஸ்விட்ச்சுடன் ஒருசேரப் பிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு மடங்கு வேகம் கிடைக்கும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு.

லிங்க் அக்ரிகேஷன் எனப்படும் இம்முறை 2000இல் ஐ.இ.இ.இ. 802.3ஏடி என்ற தரமாக வெளிவந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனித்தரமாயிற்று. அத்தரம் தன் அடிப்படை அலகுக்கு இட்ட பெயர் 'உரையாடல்'. ஓர் உரையாடலுக்குள் செல்லும் தரவுச் சட்டகங்களின் வரிசை குலையக்கூடாது. வெவ்வேறு உரையாடல்கள் முன்பின்னாகப் போய்ச் சேரலாம். தமிழ் அறிந்தோர்க்கு இது புதிதன்று. 'மரங்களை' என்பதில் பன்மைக்குப் பின்னரே வேற்றுமை வரும். அவ்வரிசையை மாற்ற இயலாது. தொடருக்குள் சொற்கள் இடம் மாறுவதையோ மொழி பொறுத்துக்கொள்கிறது.

வரிசையைக் காக்க ஸ்விட்ச் எளிய வழியொன்றைக் கையாள்கிறது. அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு ஒரு கணக்கிட்டு, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே கம்பியில் செலுத்துகிறது. ஆகவே ஒருவர் ஒரு கோப்பை ஏற்றினால் 1 ஜிகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. பலர் ஒரே வேளையில் ஏற்றும்போதுதான் பயன் தெரியும். 1943இல் ஹவுரா பாலமும் 1992இல் வித்யாசாகர் சேதுவும் திறக்கப்பட்டன. இரண்டு பாலங்கள் இருப்பதால் ஒரு பேருந்து இருமடங்கு விரைந்து ஆற்றைக் கடப்பதில்லை, நெரிசல்தான் பகிரப்படுகிறது.

அமைக்கையில் இரண்டு செய்திகள் முக்கியம். எல்.ஏ.சி.பி. நெறிமுறையில் ஒரு முனையேனும் 'ஆக்டிவ்' நிலையில் இருத்தல் வேண்டும். இரண்டும் 'பாசிவ்' என்றால், மற்றவர் பேசட்டும் என இருவரும் காத்திருக்க, பிணைப்பே உருவாகாது. அடுத்தது, கணக்கிடும் முறை. எங்கள் மாணவர்களின் கணினிகள் ரௌட்டருக்கு அப்பால் இருக்கின்றன. மேக் முகவரியை வைத்துக் கணக்கிட்டால், வருபவை அனைத்தும் ரௌட்டரின் முகவரியையே தாங்கியிருப்பதால் ஒரே கம்பியில் குவியும். மூன்று கம்பிகள் சும்மா கிடக்கும். எனவே ஐ.பி. முகவரியைக் கணக்கில் சேர்த்தோம். இது ஸ்விட்ச்சிலிருந்து சர்வருக்குச் செல்லும் திசைக்கு மட்டுமே பொருந்தும்; எதிர்த்திசையைச் சர்வர் தன் விதிப்படி தீர்மானிக்கும்.

ஒரு கம்பி அறுந்தால் எஞ்சிய மூன்றும் பணியைத் தொடரும். விளக்கு எரிந்தும் மறுமுனை பதிலளிக்காத கம்பியையும் எல்.ஏ.சி.பி. கண்டுபிடிக்கும்: மெதுநிலையில் 90 நொடிகளில், விரைநிலையில் 3 நொடிகளில். ஆனால் ஸ்விட்ச் பழுதானால் நான்கும் ஒன்றாக நிற்கும்; வட்டு பழுதானால் இப்பிணைப்பால் எவ்வுதவியும் இல்லை. பதிவில் பேசிய முதியவர்களுள் சிலர் இன்று இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்டுப் பதிய வழியில்லை. அதனால் அடுத்த நிதிக்கோரிக்கையில் 10 ஜிகாபிட் அட்டைக்கு முன்பாக, வேறு கட்டடத்தில் வைக்க இரண்டாவது சேமிப்புப் பிரதியைக் கேட்டிருக்கிறோம். களப்பதிவுகளைக் காக்கும் பிற துறையினரும் இவ்வரிசையைப் பின்பற்றுதல் நன்று.