ஒழுகும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

நாமக்கல்லுக்கு வெறும் சேஸியாக வந்து சேரும் லாரி, பாடி கட்டி, பெயின்ட் அடித்து, பெயர் எழுதி, முழு வண்டியாகத்தான் ஊரைவிட்டுக் கிளம்பும். வெல்டர், தச்சர், டிங்கர், பெயின்டர், சீட் தைப்பவர், தார்ப்பாய் தைப்பவர் என்று ஒரு லாரியைச் சுற்றி அத்தனை கைகள் வேலை செய்கின்றன. அவர்களில் அதிகம் பேசப்படாதவர் கண்ணாடி மாட்டுகிறவர். அவர் வேலை சரியாக இருந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை. பிசகினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அப்படியொரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தகரக் கூரை, சிமென்ட் தரை. சுவரோரம் மரச்சட்டங்களில் கண்ணாடிகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒன்றோடொன்று உரசாமலிருக்க இடையிடையே அட்டை. ஆணிகளில் ரப்பர் பீடிங் வளையம் வளையமாகத் தொங்குகிறது. மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லாரி கிளீனராக வந்து, கண்ணாடி வேலை கற்று, இங்கேயே நிலைத்துவிட்டவர். அவரோடு இரண்டு இளைஞர்கள். மூவர் உள்ளங்கைகளிலும் பழைய கீறல் தழும்புகள்.

முட்டை லோடு ஏற்றும் புத்தம் புதிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. தவணையில் வாங்கித் தானே ஓட்டுகிற இளைஞர் இறங்கினார்.

"அண்ணா, வண்டி எடுத்து முழுசா ஒரு மழைக்காலம்கூட ஆகலைங்க. பின்கண்ணாடிக்குக் கீழ தண்ணி எறங்கி சீட்டெல்லாம் ஊறிப்போகுது. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் நனைஞ்சு போச்சுங்க."

மேஸ்திரி பதில் சொல்லாமல் பின்பக்கம் போய்க் கண்ணாடி ஓரத்தை விரலால் தடவினார். "இந்த சிலிகான யாரு தம்பி அடிச்சது?"

"வாங்கின இடத்துலதானுங்க. ரெண்டு தடவை அடிச்சாங்க. மறுபடியும் போனா, பின்னாடி பாடி கட்டுன எடத்துல ஓட்டை போட்டிருப்பாங்க, அங்க போய்க் கேளுங்கறாங்க."

"முதல்ல இதச் சுரண்டோணும். இது இருக்கற வரைக்கும் எங்க ஒழுகுதுன்னு யாராலயும் பாக்க முடியாது."

பின்கண்ணாடி ஒழுகினால் நம் ஊரில் எல்லாரும் முதலில் செய்வது, கடையில் ஒரு சிலிகான் குழாய் வாங்கி வெளியிலிருந்து இழுத்துவிடுவது. இந்த வேலையில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. விலை மலிந்த சிலிகான் பலவற்றில் காடி நெடி அடிக்கும். இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருவதால் வரும் நெடி அது. பெயின்ட் உரிந்த தகட்டில் அது பட்டால் துரு பிடிக்கும். சிலிகான் படிந்த இடத்தில் அடுத்து எந்தப் பேஸ்ட்டும் சரியாக ஒட்டாது. நுழையும் வழி திறந்திருக்க, வெளியேறும் வழியை மட்டும் அடைத்துவிட்டால் தண்ணீர் தகட்டுக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். அந்தப் பையன்கள் பிளாஸ்டிக் கரண்டியாலும் துணியாலும் பொறுமையாகச் சுரண்டி எடுத்ததைப் பார்த்தபோது, ஐந்து நிமிடத்தில் இழுத்துவிட்ட பசைக்கு எத்தனை நேரக் கூலி போகிறது என்று தெரிந்தது.

பிறகு சோதனை. சீட்டைக் கழற்றினார்கள். மேட்டைத் தூக்கியதும் அடியிலிருந்த பஞ்சுவிரிப்பு பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும், பூஞ்சை பிடிக்கும், வயர் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போகும் என்றார் மேஸ்திரி. உள்பக்கம் முழுவதையும் துடைத்துக் காயவைத்து, கண்ணாடி ஓரம் நெடுக முகப்பவுடரைத் தூவினார்கள். ஒரு பையன் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தான். இன்னொருவன் ஹோஸ் பிடித்தான். தண்ணீர் மெல்ல வழிய வேண்டும், பீய்ச்சக் கூடாது. வாட்டர் சர்வீஸ் கன்னால் அடித்தால் நல்ல ரப்பரையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகும், அதை ஒழுகல் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

தண்ணீரைக் கீழிருந்துதான் தொடங்கினார்கள். மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். கீழ் விளிம்பில் கொஞ்ச நேரம், பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து "இல்லீங்கண்ணா" என்ற குரல். கண்ணாடியின் மேல் விளிம்புக்கு வந்தபோதும் பவுடர் காய்ந்தே இருந்தது. பாடி கட்டும்போது போட்ட போல்ட் ஓட்டைகளில் ஊற்றினார்கள். அங்கும் இல்லை. வண்டிக்காரர் பொறுமையிழந்து, "கண்ணாடியவே மாத்திருங்கண்ணா" என்றார். மேஸ்திரி கையை மட்டும் அசைத்துவிட்டு, ஹோஸைக் கண்ணாடிக்கு மேலே, கேபின் கூரையும் பின்சுவரும் சேரும் மடிப்புக்கு நகர்த்தச் சொன்னார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து சத்தம்: "வருதுங்கண்ணா! இடது கீழ் மூலை!"

ஊற்றியது கூரை மடிப்பில், வந்தது கண்ணாடியின் கீழ் மூலையில். கேபின் சுவர் பெரும்பாலும் இரண்டு தகடு. அவற்றை வெல்டு வைத்து ஒட்டிய மடிப்பில் தண்ணீர் புகாதபடி சீலன்ட் பூசி அதன்மேல் பெயின்ட் அடிப்பார்கள். அந்தச் சீலன்ட்டில் ஊசி நுழையும் அளவு இடைவெளி போதும். இரண்டு தகட்டுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்கு தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். உள்ளுக்குள் ஓடிக் கண்ணாடிச் சட்டத்துக்கு வந்து, பீடிங்குக்கு அடியில் வெளிப்படும். பார்ப்பவருக்குக் கண்ணாடி ஒழுகுவதாகத்தான் தோன்றும்.

"ஓட்டு வீட்டுல சொட்டற எடத்துக்கு நேர் மேல ஒடஞ்ச ஓடு இருக்காதுங்க. தண்ணி ரீப்பர் வழியா ஓடியாந்து வேற எடத்துல எறங்கும். இதும் அப்படித்தான்" என்றார் மேஸ்திரி.

சோதனை அதோடு முடியவில்லை. ஒரு பின்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்து உயர்த்தி மறுபடியும் தண்ணீர் விட்டார்கள். பிக்கப்பில் கேபின் வேறு, லோடு பாடி வேறு. இரண்டும் ஒரே சேஸியின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. லோடோடு மேடுபள்ளத்தில் போகும்போது சேஸி முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கு கேபினுக்கும் ஏறும். சமதரையில் நிற்கும்போது ஒழுகாத வண்டி சாலையில் ஒழுகுவதற்கு இது ஒரு காரணம்.

நுழைந்த இடம் தெரிந்ததும் மேஸ்திரி வேலையை நிறுத்தினார். "தம்பி, இது கம்பெனிலயே விட்ட கொறை. இப்ப நான் சுரண்டிப் பூசிட்டா வாரன்டி கேக்க முடியாது. மறுபடி தண்ணி விடறேன், போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. வாங்கின இடத்துல எழுத்துல குடுத்துப் பாருங்க. முடியாதுன்னா வாங்க, செஞ்சு தர்றேன்." கையிலிருந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் நேர்மை எல்லாத் தொழிலிலும் கிடைப்பதில்லை. அவர் வாங்கிக்கொண்டது சோதனைக்கான கூலி மட்டும்.

அந்தப் பிக்கப் போன பிறகு, நைந்த பீடிங்கை மாற்றவந்த பழைய வண்டி ஒன்றில் கண்ணாடி மாட்டும் முறையைப் பார்த்தேன். புது பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்தி, அதன் உள்பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் கீழே தொங்கவிட்டார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே கவ்விக்கொள்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமே என்று கேட்டேன். பின்கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிரவைத்தது. நடுவில் அடி தாங்கும், விளிம்பில் இரும்பு பட்டால் ஒரு நொடியில் மணிமணியாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, உடைந்தாலும் உதிராது.

டபுள் கேபின் பிக்கப்புகள் பலவற்றில் பீடிங் கிடையாது. கண்ணாடியை யூரித்தேன் பேஸ்ட்டால் நேரடியாகத் தகட்டில் ஒட்டியிருக்கும். அதைக் கழற்ற இருவர் உள்ளும் புறமுமாக நின்று, பியானோ கம்பியை ரம்பம்போல இழுத்து அறுக்கிறார்கள். பழைய பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவைத்து அதன்மேல் புதியதைப் போட்டால்தான் பிடிப்பு நன்றாக இருக்கும். தகட்டில் கீறல் பட்டால் பிரைமர் பூசாமல் மேலே போகக் கூடாது. அந்தக் கீறலில் வரும் துருதான் நாளைய ஒழுகல். யூரித்தேன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். குழாயில் எழுதியுள்ள நேரம் முடியும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று இறுகாத பேஸ்ட்டைத் தள்ளிவிடும். அதனால் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைக்கச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டிகளில் கண்ணாடிக்கு மேலே பிரேக் விளக்கு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் வாஷரைத்தான். நகரும் கண்ணாடி இருந்தால், அதன் கீழ்ப்பள்ளத்தில் உள்ள வடிகால் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமான வேலைக்குக் கூலி எப்படிப் பேசப்படுகிறது என்பதுதான் என்னை வருத்தியது. பீடிங்குக்கு ஒரு விலை, பேஸ்ட்டுக்கு ஒரு விலை, மாட்டுக்கூலி தனி. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கணக்கில் இடமே இல்லை. "சும்மா தண்ணி ஊத்திப் பாத்ததுக்குக் காசா?" என்று கேட்பவர்களே அதிகம் என்றார்கள். பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது பிரைமர். அடுத்து வெட்டுப்படுவது இவர்களின் பாதுகாப்பு. யூரித்தேன் பேஸ்ட்டில் உள்ள ஐசோசயனேட் தோலையும் மூச்சுக்குழாயையும் பாதிக்கக்கூடியது, சிலருக்கு ஆஸ்துமாவே வரும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். நான் பார்த்த பட்டறையில் கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது, வேலை செய்தவர்கள் மூன்று பேர்.

புது வண்டி எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெலிவரி எடுக்கும் அன்றே, பின்பாடி கட்டக் கொடுப்பதற்கு முன், கேபினைச் சுற்றி மெல்லத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒழுகினால் யாரையும் சிலிகான் தொட விடாதீர்கள். நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து வீடியோ எடுங்கள், புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வணிக வண்டிக்கு நுகர்வோர் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு.

கண்ணாடி மேஸ்திரியிடம் போகும்போது, தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். இந்தத் தொழிலில் பேஸ்ட்டைக் கடையில் யாரும் வாங்கலாம், ஒழுகலின் வழியைக் கண்டுபிடிக்கும் அறிவு அவரிடம் மட்டுமே இருக்கிறது.