கேள்வியைக் கைவிடாதவர்

1959ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் சுருக்கமான ஒரு கட்டுரை வெளியானது. காலராக் கிருமிகளை வளர்த்த திரவத்திலிருந்து அக்கிருமிகளை அறவே வடிகட்டி நீக்கிய பின்னும், எஞ்சிய நீர் முயலின் குடலில் காலராவின் விளைவை உண்டாக்கியது என்பதே அதன் சாரம். அதை எழுதியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த நோயியல் பேராசிரியர் சம்புநாத் டே.

1915இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டச் சிற்றூர் ஒன்றில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தவர் அவர். உதவித்தொகையின் துணையோடு படித்து மருத்துவரானார். 1949இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தப் பட்ட ஆய்வு காலராவைப் பற்றியதன்று. தாயகம் திரும்பியபின் அவர் கையிலெடுத்த கேள்வியோ, தம் நகரத்து மருத்துவமனைகளில் அன்றாடம் கண்ட மரணத்திலிருந்து எழுந்தது. அரிசி கழுவிய நீர்போல் உடலின் நீரெல்லாம் வெளியேறி, சில மணி நேரத்தில் மனிதர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள்.

ராபர்ட் காக் 1884இல் இதே கொல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து, அது ஒரு நச்சைச் சுரக்கக்கூடும் எனக் கருதினார். முக்கால் நூற்றாண்டாகியும் அந்நச்சு எவர் கைக்கும் அகப்படவில்லை. பலரும் கிருமியை விலங்கின் இரத்தநாளத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். நோய் குடலில் நிகழ்கையில் விடையைக் குடலில் தேடுவதே முறை என்று டே எண்ணினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, இடையே கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் கோத்துப் பருத்தது. 1953இல் வெளியான இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆறாண்டுகளுக்குப் பின் இதே முறையே நச்சையும் காட்டிக்கொடுத்தது.

ஆனால், அவருடைய கண்டுபிடிப்பின் முழு மதிப்பை உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின. அந்நச்சைத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் பணி 1969இல் அமெரிக்காவில் நிறைவேறியது. 1973இல் அவர் பணி ஓய்வு பெற்றார். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கு அவரை அழைத்தது. நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தார், பரிசு வரவில்லை. 1985இல் அவர் மறையும்வரை இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இறுதியில் எல்லாம் கைகூடும் என்ற ஆறுதலை இவ்வாழ்க்கை தருவதில்லை. புறக்கணிப்பைப் போற்றவும் வேண்டியதில்லை. திறமையைக் காணத் தவறும் நிறுவனங்கள் கேள்விக்கு உட்பட வேண்டியவையே.

எனினும், கட்டுரை திருப்பி அனுப்பப்பட்ட நாளிலும் உதவித்தொகை தாமதமாகும் மாதத்திலும் சோர்ந்து அமரும் ஆய்வு மாணவர் ஒருவர் இங்கே காணத்தக்க ஒன்று உண்டு. பாராட்டை நம்பித் தொடங்கிய ஆய்வு, பாராட்டு வராதபோது நின்றுவிடும். டேயின் ஆய்வைத் தொடங்கிவைத்தவர்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நோயாளிகள். எவர் கவனித்தாலும் கவனியாவிட்டாலும் அவர்கள் அங்கே இருந்தார்கள். நம் ஆய்வு யாருக்காகத் தொடங்கியது என்பதைச் சோர்வுற்ற நாளில் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். மறுநாள் ஆய்வகக் கதவைத் திறக்க அந்நினைவு போதுமானதாக இருக்கக்கூடும்.