சேற்றின் விலை

கழிமுகத்துச் சேற்றைப் பயனற்ற நிலமென்று எண்ணுவோர் பலர். மீனவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாமோ அதன் பெறுமதியை நன்கறிவோம். தந்தையின் வலை வெறுமையாகத் திரும்பிய மறுநாள், மகன் அமரும் வாங்கும் வெறுமையாகவே இருக்கும்.

நைஜீரியாவின் போடோ கிராமத்திலே 2008ஆம் ஆண்டில் ஷெல் கம்பனியின் எண்ணெய்க் குழாய் இருமுறை உடைந்தது. வாரக்கணக்காகக் கசிந்த எண்ணெய், கண்டல் மரங்களின் மூச்சுவேர்களை மூடிற்று. மரம் மடிந்தது; அதன் வேரடியில் வளர்ந்த மீனும் நண்டும் மடிந்தன; அவற்றை நம்பிய குடும்பங்களின் அடுப்பும் அணைந்தது.

இத்தனைக்கும் ஈடாகக் கம்பனி முதலில் கொடுக்க முன்வந்தது வெறும் 4,000 பவுண். மக்கள் பணியவில்லை; ஒன்றுதிரண்டு லண்டனிலே வழக்குத் தொடுத்தனர். 2015இல் அதே கம்பனி 5 கோடியே 50 இலட்சம் பவுண் கொடுக்க இணங்கிற்று. ஏழையின் இழப்பை முதலாளி எண்ணிப் பார்ப்பது ஏழைகள் ஒன்றுசேர்ந்த பின்னரே.

ஆயினும், செத்த கழியைப் பணம் உடனே உயிர்ப்பித்துவிடாது. போடோவை உள்ளடக்கிய ஒகோனி நிலத்தைச் சீராக்க 25 முதல் 30 ஆண்டுகள் செல்லலாமென 2011இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு மதிப்பிட்டது. இன்று நம் முன்னிருக்கும் மாணவன் நடுவயதை எட்டும் காலம் அது. குழாய் பதிக்கும்போதே அக்கணக்கைக் கேட்க அவனுக்குக் கற்பிப்பது நம் கடமையன்றோ?